மேற்படியாரின் பேரப்பிள்ளைகள்

சைக்கிள் கடைக்காரர் குடும்பத்துக்குப் பதிவு அலுவலகம் இழைத்த அநீதிகளை வரிசை தவறாமல் சொல்லிவிடுவதே முறை.

முதலாவது, அவருடைய அப்பா பிறந்ததைப் பதிவு செய்த எழுத்தர், குழந்தையின் பெயரை எழுதினார், ஆணா பெண்ணா என்று எழுதினார், தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் மட்டும் 'மேற்படி' என்று எழுதினார். இரண்டாவது, அந்தக் குழந்தை வளர்ந்து ஆளாகி, திருத்தித் தாருங்கள் என்று போய் நின்றபோது, சம்பந்தப்பட்ட தகப்பன் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்றார்கள். தகப்பன் அதற்குள் செத்துப் போயிருந்தார். மூன்றாவது, சரி, செத்ததற்காவது ஒரு சான்று கொடுங்கள் என்றபோது, பதிவேட்டில் இல்லாத நபர் இறப்பதற்கு விதிகளில் இடமில்லை என்றார்கள். நான்காவது, திருத்தம் கேட்டு அலைந்த அப்பாவும் இறந்தார். அதை மட்டும் மறுநாளே பதிந்துவிட்டார்கள்.

ஐந்தாவதுதான் இந்தக் கதை.

அந்தச் சமயம் ஊரில் வம்சாவளிப் பைத்தியம் தலைக்கேறியிருந்தது. மூதாதையர் இல்லாத வீட்டில் சோபா இருந்து என்ன பிரயோசனம் என்று பெரிய மனிதர்கள் பேச ஆரம்பித்தார்கள். போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒரு தலைப்பாகையும் ஒட்டு மீசையும் வாங்கி வைத்தார். போய் உட்கார்ந்தால் நம்மையே படம் பிடித்து, பழுப்பேற்றி, நம்முடைய கொள்ளுத்தாத்தா என்று சட்டம் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார். பல் டாக்டரின் கொள்ளுத்தாத்தாவும் மாவு மில் முதலாளியின் கொள்ளுத்தாத்தாவும் ஒரே தலைப்பாகையைக் கட்டியிருப்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரவர் வீட்டிலும் அதே தலைப்பாகைதான் தொங்கியது.

மக்கள் ஆசைப்படுவதைக் கட்டாயமாக்குவதுதானே நல்ல நிர்வாகத்துக்கு அடையாளம்? மணமக்கள் இருவரின் வம்சாவளியும் சரிபார்க்கப்பட்ட பிறகே திருமணங்கள் பதிவு செய்யப்படும் என்று ஆணை வந்தது.

சைக்கிள் கடைக்காரரின் மகளுக்கும் அச்சகக்காரரின் மகனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பிள்ளைகளே பார்த்துப் பிடித்துப்போன சம்பந்தம். இரண்டு குடும்பமும் அலுவலகத்துக்குப் போயின. பதிவு அலுவலர் அந்தப் பழைய பதிவேட்டை வரவழைத்து, தூசி தட்டி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"பையனோட தாத்தா பிறப்பு இங்க இருக்கு. தகப்பன் பெயர், மேற்படி. பொண்ணோட தாத்தா அதுக்கு நாலு வரி கீழ. தகப்பன் பெயர், மேற்படி."

"ஆமாங்க, அந்த எழுத்தர் பக்கம் பக்கமா அப்படித்தான் எழுதி வெச்சிருக்கார்," என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"மையைச் சிக்கனம் பண்ணினதுக்காக அவருக்கு நற்சான்று குடுத்திருக்காங்க. அவரைப் பத்தி மரியாதையாப் பேசுங்க." அலுவலர் பதிவேட்டை மூடினார். "ரெண்டு பேருக்கும் தகப்பன் ஒருத்தர்தான்னு ஆவணம் சொல்லுது. அப்போ அந்த ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. நீங்களும் அச்சகக்காரரும் பங்காளிங்க. பொண்ணும் பையனும் அண்ணன் தங்கச்சி முறை. கல்யாணத்தைப் பதிய முடியாது. குடும்பத்தோட ஒத்துமையா இருங்க."

பையன் பெண்ணைப் பார்த்தான். பெண் சட்டென்று தள்ளி உட்கார்ந்தாள், பிறகு கோபம் வந்து முன்னைவிட நெருங்கி உட்கார்ந்தாள்.

"காலையில சம்பந்தின்னு வந்தோம், மத்தியானம் பங்காளின்னு திருப்பி அனுப்புறீங்களே!" என்றாள் சைக்கிள் கடைக்காரரின் மனைவி. "சார், என் அப்பாவும் அதே சமயத்துல பொறந்தவர்தான். கொஞ்சம் பாருங்க."

அலுவலர் பார்த்தார். மேற்படி.

அவள் கணவன் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். "இவ்வளவு காலமா அண்ணனுக்கா சோறாக்கிப் போட்டேன்?"

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம் வா."

"வரேன் அண்ணே."

சைக்கிள் கடைக்காரர் அன்று மாலையே ஒரு அட்டையில் 'மேற்படி யார்? நிர்வாகமே பதில் சொல்!' என்று எழுதி, அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தார். மேற்படி யார் என்பது பதிவேட்டின் முதல் வரியில் இருந்திருக்க வேண்டும். முதல் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. அலுவலகம் இதை லேசில் விடவில்லை. கரையான் எப்போது நுழைந்தது, யாருடைய அனுமதியின் பேரில் நுழைந்தது என்பதைக் கண்டறிய ஒரு குழுவை நியமித்தது. குழு கூடியது, தேநீர் அருந்தியது, கரையானின் பசி இயற்கையானதே என்று தீர்மானித்துக் கலைந்தது.

சைக்கிள் கடைக்காரர் எழுந்திருக்கவில்லை. மனைவி மூன்று வேளையும் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுவந்து, "அண்ணனுக்குப் பசிக்குமே," என்று தெருவே கேட்க வைத்துவிட்டுப் போனாள். கடைசியில் பொறுக்க முடியாமல் அவர் அலுவலரின் அறைக்குள் நுழைந்தார்.

"சார், உங்க அப்பா எந்த ஊர்ல பொறந்தார்?"

"இதே ஊருதான். ஏன்?"

"உங்க வீட்டு அம்மணியோட அப்பா?"

"அவரும் இங்கதான். பக்கத்துத் தெரு."

"அந்தப் பதிவேட்டைத் தாங்களும் ஒருதடவை புரட்டிப் பார்த்துட்டா நல்லது."

அலுவலர் புரட்டினார். புரட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். இன்னும் சில பக்கங்கள் தள்ளி மறுபடியும் நின்றார். பிறகு எழுந்து போய்க் கதவைத் தாளிட்டார்.

அந்த வாரமே 'விடுபட்ட பாட்டனாரைப் பூர்த்தி செய்யும் சிறப்புத் திட்டம்' அறிவிக்கப்பட்டது. மேற்படியால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரும் தம் பாட்டனாரின் பெயரையும் தொழிலையும் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டித் தர வேண்டும். குறித்த நாளில் நகர மன்றக் கூடத்தில், சாட்சிகள் முன்னிலையில், உறைகள் பிரிக்கப்பட்டு உரக்க வாசிக்கப்படும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அவரே பாட்டனார். என்றென்றைக்கும்.

அதற்கு முதல் நாள் அச்சகக்காரர் சைக்கிள் கடைக்கு வந்து, கழற்றிப் போட்டிருந்த சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"என்ன எழுதப் போறீங்க சம்பந்தி?"

"உள்ளதை எழுதப் போறேன். எங்க தாத்தா கொள்ளைநோய்க் காலத்துல பிணவண்டி ஓட்டினவர். சொந்தப் பிள்ளைங்களே தொட பயந்த பிணங்களை எல்லாம் தூக்கினார். வண்டி மொட்டைன்னா அன்னிக்கு ஊர்ல தெரியாத ஆள் கிடையாது."

"பெரிய மனசுதான், இல்லேங்கல. ஆனா வண்டி மொட்டைன்னு சபையில வாசிச்சா என் பையனோட மானம் என்னாகும்? ஒரு மிராசுதாரர்னு போடுங்களேன். கேக்குறதுக்கு யார் இருக்கா?"

"நான் இருக்கேன்ல."

"உங்களுக்குப் பொண்ணோட வாழ்க்கை பெரிசா, இல்ல பிணவண்டி பெரிசா?"

சைக்கிள் கடைக்காரர் அன்று பஞ்சர் ஒட்டிய டியூபில் தேய்த்த இடத்தையே மறுபடி மறுபடி தேய்த்தார். சாப்பிடும்போது மகளிடம் கேட்டார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பொய் சொல்லித்தான் கல்யாணம் நடக்கணும்னா அதை ஸ்டுடியோக்காரரே நடத்தி வைக்கட்டும்," என்றாள். அவர் உறையை ஒட்டினார்.

கூடம் நிரம்பி வழிந்தது. எல்லோரும் இருப்பதில் நல்லதை உடுத்தி வந்திருந்தார்கள். முன்வரிசையில் அலுவலரின் மனைவி உட்கார்ந்திருந்தார். இப்போதைய எழுத்தர் முதல் உறையைப் பிரித்தார்.

"பல் டாக்டர். பாட்டனார், நீதிபதி அவர்கள்."

கைதட்டல். அந்தக் காலத்தில் ஊருக்கு இருந்தது ஒரே நீதிபதி. கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாதவர். பல் டாக்டர் அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதுதான். வாரிசு இல்லாதவருக்காக ஆட்சேபிக்க யார் வருவார்கள்?

"மாவு மில் முதலாளி. பாட்டனார், நீதிபதி அவர்கள்."

கைதட்டல் கொஞ்சம் குறைந்தது.

"அச்சகம். நீதிபதி அவர்கள். ஸ்டுடியோ. நீதிபதி அவர்கள். பல் டாக்டர் மனைவி வகையில்... நீதிபதி அவர்கள்."

எழுத்தர் பிரித்துக்கொண்டே போனார். சலூன்காரர், தலைமையாசிரியர், பேருந்து நடத்துநர், சைக்கிள் கடைக்காரரின் சொந்த மைத்துனர் என்று அத்தனை பேரும் ஆளுக்கொரு இருட்டில் தனித்தனியாக உட்கார்ந்து யோசித்து, ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். பிரம்மச்சாரியின் சந்ததி கூடத்தில் இடம் போதாமல் வராந்தாவிலும் நின்றது. அலுவலரின் உறையும் அவருடைய மனைவி வகை உறையும்கூட அந்தச் சந்ததியில் சேர்ந்துகொண்டன. நீதிபதி அவர்கள். நீதிபதி அவர்கள்.

கடைசி உறை. எழுத்தர் வாசித்தார். "சைக்கிள் கடை. பாட்டனார், பிணவண்டி ஓட்டுநர், வண்டி மொட்டை."

கூடம் சிரித்தது. பல் டாக்டர் தம் பற்கள் எல்லாம் தெரியச் சிரித்தார். அச்சகக்காரர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சைக்கிள் கடைக்காரர் மட்டும் எழுந்து நின்றார்.

"அலுவலர் ஐயா, ஆவணத்தில் உள்ளது உள்ளபடிதானே?"

"சந்தேகமென்ன?"

"அப்படின்னா இங்க சிரிக்கிறவங்க அத்தனை பேரும் ஒரே தாத்தாவோட பேரப்பிள்ளைங்க. எல்லாரும் அண்ணன் தங்கச்சி, அக்கா தம்பி. நாங்க மட்டும் வேற. என் பொண்ணு கல்யாணத்துக்கு என்ன தடை?"

அலுவலர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தடை இல்லை. பெண்ணும் பையனும் அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள். முத்திரை விழுந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"வாங்க, வீட்டுக்குப் போலாம்," என்றாள் சைக்கிள் கடைக்காரரின் மனைவி. அண்ணே என்ற சொல்லைக் காணோம்.

அதற்குள் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கணவன்மார்களும் மனைவிமார்களும் ஒருவரையொருவர் புதிதாகப் பார்த்தார்கள்.

"நீங்க மாறுங்க."

"நான் எதுக்கு மாறணும்? நீ மாறு!"

"எனக்கென்ன தலையெழுத்து, பிணவண்டிக்குப் போக?"

"அப்போ இன்னிலேருந்து நான் உனக்கு யாரு?"

பல் டாக்டர் மேடையை நோக்கி முண்டியடித்தார். "எழுத்தரே, எங்க தாத்தா நீதிபதி கிடையாது! இப்பத்தான் ஞாபகம் வருது, வண்டி ஓட்டினவர்!" மாவு மில் முதலாளி அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். "வரிசையில வாய்யா! அவர் எனக்கும் தாத்தா!" ஆட்சேபணை உண்டா என்று எழுத்தர் சைக்கிள் கடைக்காரரைக் கேட்டார்.

"எடுத்துக்கட்டும்," என்றார் அவர். "யாரும் தொடாததை எல்லாம் ஏத்திக்கிட்டவர் அவர். இவங்களையும் ஏத்திக்குவார்."

முன்வரிசையில் அலுவலரின் மனைவி அசையவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு கணவனையே பார்த்தபடி இருந்தார். நீதிபதியை விட்டுக்கொடுக்கும் உத்தேசம் அந்த முகத்தில் இல்லை. அலுவலர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எழுத்தரின் காதில் குனிந்து ஏதோ சொன்னார். எழுத்தர் பணிவோடு தலையசைத்தார்.

"மெதுவாப் படிச்சாப் போதும்," என்றார் அலுவலர்.

"விதிப்படி உரக்கத்தான் ஐயா வாசிக்கணும்."

எழுத்தர் வரிசையை ஒதுக்கி நிறுத்தி, தொண்டையைச் செருமி, வராந்தாவில் நின்ற சாட்சிகளுக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"திருத்தம். உயர்திரு பதிவு அலுவலர் அவர்கள். பாட்டனார், பிணவண்டி ஓட்டுநர், வண்டி மொட்டை அவர்கள்."