நிகழ்ச்சி நிரல்படி நிம்மதி

ஓய்வெடுக்கத் தெரியாதவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஓய்வு கிடைக்காதவர்கள் மேல் அனுதாபமே உண்டு. நான் சொல்ல வந்தது வேறொரு ரகம். தானும் ஓய்வெடுக்காமல், பக்கத்தில் இருப்பவரையும் எடுக்க விடாமல், "எல்லாரும் நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று மட்டும் ஓயாமல் உத்தரவு போடுகிற ரகம். இவர்களுக்கு ஓய்வு அதிகாரிகள் என்று பெயர் வைத்திருக்கிறேன். எந்த அரசாங்கமும் இப்படி ஒரு பதவியை உண்டாக்கவில்லை. அவர்களாகவே பொறுப்பேற்றுக்கொண்டார்கள்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். விடுமுறை நாளில் ஏதாவது கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். மணலில் நாலு பேர் கைகாலை நீட்டிக் கிடக்க, ஒருவர் மட்டும் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, அலையெல்லாம் ஒழுங்காக வந்து போகிறதா என்று மேற்பார்வை பார்ப்பவர்போல நின்றுகொண்டிருப்பார். அவரேதான்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், என் தலைக்கு நேர் மேலே, அப்படி ஒருவர் குடியிருக்கிறார். நம்மவர் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு லாரி அலுவலகத்தில் வேலை. எந்த லாரி எந்த ஊரில் எத்தனை மணிக்கு நிற்கவேண்டும் என்று முடிவு செய்பவர். மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த மாதம் வார்டில் ஆள் பற்றாக்குறை. மூன்று வாரமாக அந்த அம்மாள் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்து, நின்றுகொண்டே தூங்கப் பழகியிருந்தார். ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது.

"எனக்கு வீட்லயே படுத்துத் தூங்கினா போதும்ங்க" என்றார்.

"வீட்ல தூங்கறதுக்குப் பேரு தூக்கம். ரெஸ்ட்டுங்கிறது வேற" என்றார் நம்மவர்.

அவ்வளவுதான். நகரத்தின் இரைச்சலைத் தாண்டி ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மீனவர் கிராமம் உண்டு. கவிழ்த்துப் போட்ட படகுகள், காயும் வலைகள், ஒரே ஒரு டீக்கடை. அங்கே போவதென்று தீர்மானமாயிற்று. அவர், மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள் ஆகிய மூவரும் ஏறிய பிறகும் காரில் இடம் இருந்தது. காலி இடத்தோடு வண்டியை அனுப்புவது அவர் தொழிலில் மகாபாவம். என்னை ஏற்றிக்கொண்டார்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். இருட்டு விலகுவதற்குள் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஏழு முதல் ஏழரை வரை, காற்று வாங்குதல். ஏழரை முதல் எட்டு வரை, கால் நனைத்தல். பத்து முதல் பத்தேகால் வரை, மௌனமாக அலையைக் கவனித்தல். இப்படியே மாலை வரை. மூச்சு விடுவதற்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்கியிருக்கவில்லை. அதை இடையிடையே நாங்களே பார்த்துக்கொள்ளவேண்டும்போல.

மௌனமாக அலையைக் கவனிக்கும் பதினைந்து நிமிடத்தில் நம்மவர் ஆறு தடவை பேசினார். ஆறு தடவையும், யாரும் பேசக்கூடாது என்பதற்காக.

பாயை விரித்தோம். காற்று சரியில்லை என்று மாற்றி விரித்தோம். நிழல் நகர்ந்துவிடும் என்று மறுபடியும் சுருட்டினோம். மூன்றாவது இடத்தில் அந்த அம்மாள் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். பாவம், அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

"என்னம்மா இது, கண்ண மூடிக்கிட்டா கடல் எப்படித் தெரியும்? தூங்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?"

"அப்பா, அம்மாவ விடுங்கப்பா."

"நான் என்ன எனக்காகவா சொல்றேன்? அவ உடம்புக்காகத்தானே சொல்றேன்!"

இந்த இனத்தின் தேசிய கீதம் இதுதான். அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து, சிவந்த கண்ணால் கடலைக் கவனித்தார்.

சாப்பாடு முடிந்ததும் பந்து விளையாட்டு. எல்லாரும் கட்டாயம் கலந்துகொள்ளவேண்டும். எனக்கும் உண்டு, முழங்கால் வலிக்கு விதிவிலக்கு இல்லையாம். பந்தை ஊதிக்கொண்டிருக்கும்போது, "நான் போய் கொஞ்சம் கால் நனைச்சுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் நடந்தார். கால் நனைத்தல் காலையிலேயே முடிந்துவிட்டதே என்று நம்மவர் சொல்ல வாயெடுத்தார். வாயில் பந்து இருந்தது.

இரண்டு மணிக்குக் குடும்பப் புகைப்படம். மணி இரண்டாயிற்று. ஆளைக் காணோம்.

"பாத்தீங்களா, ஒருத்தருக்காவது டைம்னா என்னன்னு தெரியுதா?" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். இரண்டே காலுக்கு மகள் போனில் கூப்பிட்டாள். அம்மாவின் போன் எங்கள் பைக்குள்ளேயே அடித்தது. அவள் எழுந்து தண்ணீர் ஓரமாக நடந்தாள். கொஞ்ச தூரம் போனவள், நின்ற இடத்திலிருந்து "அப்பா!" என்று கத்தினாள்.

அம்மாவின் செருப்பு. ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. அலை வந்து ஒன்றைத் தொட்டு இழுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் இந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர் ஓரத்தில் ஒரு ஆள் இல்லை.

கேலியைக் கொஞ்சம் ஓரமாக வைக்கிறேன். அந்த மனிதர் முகத்தை அன்று நான் பார்த்தேன். பத்து வருஷமாக அவரை எனக்குத் தெரியும். மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அன்று கூப்பிட்டார். ஊர் முழுக்கக் கேட்கும்படி, தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டே, பூட்ஸ் காலோடு கடலுக்குள் ஓடினார். முழங்கால், இடுப்பு, மார்பு. ஒரு அலை வந்து ஆளைப் புரட்டிப் போட்டது. எழுந்து மறுபடியும் உள்ளே போனார். வலை தைத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பாய்ந்து போய்ச் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"சார், உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது! விடுங்க!"

"அப்ப வெளிய வாங்க. மொதல்ல ஒருத்தரத் தேடுவோம்."

கரைக்கு இழுத்து வந்து போட்டார். நம்மவர் மணலில் உட்கார்ந்து, "தூங்கணும்னுதானே சொன்னா... தூங்கணும்னுதானே சொன்னா..." என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மகள் அழுதாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது டீக்கடைக்காரம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்தார்.

"யாரத் தேடறீங்க? கண்ணாடி போட்ட அம்மாவையா?"

"ஆமாங்க! பாத்தீங்களா?"

"எங்க வீட்டுலதான் தூங்கறாங்க. கொஞ்சம் படுக்க எடம் கெடைக்குமான்னு கேட்டாங்க. யாரு வந்து கேட்டாலும் சொல்லிடாதீங்கன்னும் சொன்னாங்க. ஆனா இவரு கடல்ல எறங்கினதப் பாத்ததும் எனக்கு மனசு கேக்கல."

கடைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. தரையில் ஒரு பாய். மேஜை மின்விசிறி லேசாக முனகிக்கொண்டு சுற்றியது. அந்த அம்மாள் கையையே தலையணையாக வைத்து, வாயை லேசாகத் திறந்து, மூன்று வார பாக்கியை மொத்தமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நம்மவர் வாசலில் நின்று பார்த்தார். நெஞ்சு ஏறி இறங்குவதை நிச்சயப்படுத்திக்கொண்டார். பிறகு சத்தமில்லாமல் படியில் உட்கார்ந்தார்.

சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்தாரே தவிர, வாயைத் திறக்கவில்லை. அந்த இனத்தில் பிறந்த ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய தவம்! "அப்பா, மணி மூணரை" என்று மகள் கிசுகிசுத்தபோது, விரலை உதட்டில் வைத்து அவளை அதட்டினார்.

ஐந்து மணிக்கு அந்த அம்மாள் எழுந்து வெளியே வந்தார். முகம் தெளிந்திருந்தது. படியில் உப்பும் மணலுமாக உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தார்.

"இது என்ன கோலம்?"

"சும்மா... கடல்ல குளிச்சேன்."

"நீச்சல் தெரியாதவருக்கு என்ன குளியல்?"

அந்த அம்மாள் மகளின் வீங்கிய கண்ணைப் பார்த்தார், என் கையிலிருந்த பந்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார். குனிந்து தன் துப்பட்டாவால் அவர் தலையைத் துவட்டிவிட்டார். டீக்கடைக்காரம்மா ஆளுக்கொரு டீ நீட்டினார். அதைக் குடித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆனதென்று யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

மனிதர் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் நினைத்தேன். இப்போதெல்லாம் மாதம் ஒரு ஞாயிறு அந்த அம்மாள் தனியாகவே பஸ் ஏறி டீக்கடைக்காரம்மா வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வருகிறார். நம்மவர் கூடப் போவதில்லை. அந்த அளவுக்குப் பரவாயில்லை. பஸ் நிலையம் வரைக்கும் மட்டும் போய், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி நகர நகரக் கூடவே ஓடி, "போனதும் நேரா படுத்துடு! டீயெல்லாம் அப்புறம்! இடது பக்கமா சாஞ்சு தூங்கு, அதான் நல்லது!" என்று கத்துகிறார்.

சிரிக்கிறீர்களா? நல்லது, சிரியுங்கள். ஆனால் ஒன்று. இந்நேரம் உங்கள் வீட்டில் யாராவது அசந்து தூங்கிக்கொண்டிருக்கலாம். அவர்களைத் தட்டி எழுப்பி, "இதக் கொஞ்சம் படிச்சுப் பாரேன், மனசுக்கு ரிலாக்ஸா இருக்கும்" என்று சொல்லலாமா என்று ஒரு கணம் உங்களுக்குத் தோன்றியது, இல்லையா?