சம்பந்தியின் வெள்ளைச் சட்டை

சாயமிட்ட துணி எதுவானாலும், அதை ஒரு வெள்ளைத் துணியோடு சேர்த்து நனைத்து, சாயம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே வெட்டுக்கு அனுப்ப வேண்டும். இதுதான் விதி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்த காலமெல்லாம் இந்த விதியைச் சொல்லியே சாயப்பட்டறைக்காரர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டேன். (அவர்கள் எனக்கு வைத்த பெயர் அச்சிடத் தகுந்ததல்ல.) அந்த விதியை நானே மீறியது என் ஒரே மகள் கவிதாவின் கல்யாணத்தில்.

வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு உடுமலைப்பேட்டை, தென்னந்தோப்புக்காரர்கள். காலையில் முகூர்த்தம், மாலையில் பொங்கலூர் மண்டபத்துப் புல்வெளியில் வரவேற்பு. ஒரு வாரம் முன்பு கவிதா செல்போனில் ஒரு படம் காட்டினாள். மரத்துக்கு மரம் ரோஜா நிறக் குஞ்சங்கள் தோரணமாகத் தொங்கின. கீழே யாரோ ஒரு வெளிநாட்டு மணமகள் வெறுங்காலோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"டெக்கரேசன்காரரு பிளாஸ்டிக் பூதான் இருக்குதுங்கறாரு. இதாட்டக் கையிலயே செய்யோணும்னு ஆசைங்ப்பா."

"இதென்ன கண்ணு பெரிய வேலை? பனியன் துணிதானே!" என்றேன். என் வாழ்க்கையில் அதிக விலை கொடுத்த வாக்கியம் அது.

பனியன் துணியை விரலகல நாடாவாக வெட்டி, இரு முனையையும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால், அது தானே சுருண்டு கயிறாகிவிடும். (வேண்டுமானால் உங்கள் பழைய பனியனில் செய்து பாருங்கள். வீட்டில் கேட்டுக்கொண்டு.) கயிறுகளைக் கட்டாக மடித்து, தலையில் ஒரு முடிச்சு, அடியில் ஒரு வெட்டு, குஞ்சம் தயார். கட்டிங் வேஸ்ட் வெள்ளைத் துணி ஒரு மூட்டை வாங்கினேன். சாயம் போடுவதும் நானே என்று அறிவித்தேன். பழைய பட்டறை நண்பர் ஒருவர் சாயப்பொடி கொடுத்துவிட்டு, "தண்ணி தெளியற வரைக்கும் அலசோணுங்க சார்" என்றார். எனக்கே பாடமா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அலசும் நேரம் வந்தபோது என் மனைவி சரஸ்வதி தண்ணீர்த் தொட்டியை மறித்து நின்றாள்.

"ஏனுங்க, குழாயில தண்ணி வந்து எத்தன நாளாச்சு? இருக்கறதையும் இதுல ஊத்திட்டா, ஊட்டுக்கு வந்து தங்கற ஒரம்பரையெல்லாம் எதுல குளிப்பாங்க?"

"ஒரே அலசு, சரசு."

"ஒரு பக்கெட்டு. அதுக்கு மேல சொட்டு கெடையாது."

அலசினேன். தண்ணீர் மாதுளைச் சாறு போல இருந்தது. ஆனால் குஞ்சங்கள் வெயிலில் காய்ந்ததும் படத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தன. தொங்கப்போகிற பொருளுக்கு ஈரச் சோதனை எதற்கு, மழையா வரப்போகிறது என்று எனக்கு நானே விலக்கு அளித்து, ஒப்புதலும் நானே கொடுத்துக்கொண்டேன். (மழை வரவில்லை. அந்த ஒரு விஷயத்தில் என் கணிப்பு சரி.)

வரவேற்பு நாளில் வெயில் தாழ்ந்தும் புழுக்கம் போகவில்லை. முன்வரிசையில், சரியாக ஒரு தோரணத்துக்குக் கீழே, கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி சட்டையில் சம்பந்தி வேலுச்சாமி உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாதவர். அவருக்கு வியர்ப்பதைப் பார்த்து, தண்ணீரைப் புகைபோலத் தூவும் பெரிய மின்விசிறிகள் இரண்டை நானே ஓடிப்போய் அவர் பக்கம் திருப்பிவைத்தேன்.

"நல்லாக் குளுகுளுன்னு இருக்குதுங்க சம்பந்தி" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பனியன் துணியின் பெருமையோ ஈரத்தை உறிஞ்சுவது. குஞ்சங்கள் உறிஞ்சின. வயிறு நிறைந்ததும் நுனியில் சொட்டின. முதல் சொட்டு சம்பந்தியின் தோளில். என்ன என்று அண்ணாந்து பார்த்தார், அடுத்தது நெற்றியில். பிறகு வரிசை மொத்தமும் எழுந்து ஓடியது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் ஆண்கள் எல்லாரும் வெள்ளைதான்.

"ஏனுங்க, இது வடக்கத்தி முறைக் கண்ணாலமுங்களா? ஓலிப் பண்டிகையாட்ட இருக்குது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கைக்குட்டையோடு பாய்ந்து சம்பந்தியின் முதுகைத் துடைத்தேன். (ஈரச் சாயத்தைத் தேய்க்கக் கூடாது என்பது இன்னொரு விதி.) புள்ளிகள் கோடுகளாயின. சாயம் இறங்குவதற்கு ஆய்வகத்தில் ஐந்திலிருந்து ஒன்று வரை மதிப்பெண் உண்டு. நாலுக்குக் கீழே வந்தால் சரக்கையே திருப்பி அனுப்பியவன் நான். சம்பந்தியின் முதுகு, சந்தேகத்துக்கு இடமில்லாமல், ஒன்று.

"போச்சாது, உடுங்க" என்றார். வாய்தான் பரவாயில்லை என்றது, முகம் சொல்லவில்லை. மேடையில் கவிதா சிரித்தபடியே நின்றாள். கண் மட்டும் மாமனாரின் சட்டையை விட்டு நகரவில்லை. மறுநாள் முதல் அந்த வீட்டில் வாழப்போகிறவள் அவள். அப்பனின் கைவேலை அவளுக்கு முன்பே அங்கே குடிபுகுந்துவிட்டது.

விடிந்ததும் வாட்ஸ்அப்பில் மன்னிப்பு எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே வடிவத்தில்: குறை, மூலகாரணம், திருத்த நடவடிக்கை, இனி நேராதிருக்க ஏற்பாடு. (மூலகாரணம் 'தண்ணீர்ப் பற்றாக்குறை' என்றிருந்தது. சரஸ்வதி படித்த பிறகு 'நான்' என்று திருத்தினேன்.) 'சோதித்துப் பார்க்காமல் இனி எதையும் செய்யமாட்டேன்' என்று முடித்தேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஆனியும் போனது. போனில் கவிதாவைக் கேட்பேன். "மாமா ஏதாச்சும் சொன்னாரா கண்ணு?"

"எங்கிட்ட நல்லாத்தானுங்ப்பா பேசறாரு. ஆனா அந்தச் சட்டையத் தொட உடறதில்லீங்க. அவரே எடுத்துக்கிட்டு மோட்டார் ரூமுக்குப் போயிர்றாரு."

பஞ்சாயத்தில் காட்டத்தான் பத்திரப்படுத்துகிறார் என்று முடிவு செய்து, எனக்காக வாதாட ஆள்கூடத் தேடத் தொடங்கினேன்.

பிறகு ஒரு காலை, பதில் வந்தது. தோப்பில் கொடியில் காயும் சட்டையின் படம். கீழே எழுத்து:

"லேட்டுக்கு மன்னிக்கோணுங்க சம்பந்தி. சோதிச்சுப் பாத்துட்டுத்தான் எதையும் செய்யோணும்னு எழுதியிருந்தீங்க. சோப்பு, சோடா, எலுமிச்சங்கா எல்லாம் போட்டுப் பாத்துட்டனுங்க. ஒரு புள்ளி அசையல. சாயம் நல்ல சாயமுங்க. நீங்க போட்ட துணிதான் மாறிப்போச்சு."

சரஸ்வதி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப்பார்த்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு மாதமாக அடக்கிய மூச்சை விட்டேன்.

இன்றைக்கும் நான் உடுமலைப்பேட்டை போனால், அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் சம்பந்தி வாசலில் நிற்கிறார். "வாங்க சம்பந்தி, உங்க சாம்பிள் பத்திரமா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீரை மட்டும் இரண்டடி தள்ளி நின்று நீட்டுகிறார்.

பதில் வந்த நாளையும் பதிவு செய்துவிட வேண்டும், அதுதான் முறை: ஆடி பதினெட்டு. ஊரே தண்ணீரைக் கும்பிடும் நாள். நானும் கும்பிட்டேன்.