காதுகுத்தன்று போனுக்குப் போட்ட அப்டேட்

கேட்காமலே நல்லது செய்ய வருகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதுவும் ஒரு போன் கம்பெனி "உங்கள் போன் இன்னும் வேகமாகும்" என்று தானாக வந்து சொன்னால், போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும். நான் ஓடவில்லை. பட்டனை அமுக்கினேன். அதுவும் அக்கா மகள் யாழினிக்குக் காதுகுத்து நடந்த காலையில்!

ஆவுடையார்கோவில் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் விழா. மச்சான் மஸ்கட்டில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை. மகள் காது குத்துவதை வீடியோ காலிலாவது பார்க்க வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சி, சற்று நேரம் அனுமதி வாங்கியிருந்தார். காட்டும் பொறுப்பு தாய்மாமனான எனக்கு.

"எம் போன்லயே பேசிக்கிறேன்டா" என்றாள் அக்கா. அவளுடையது கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன்.

"அதுல மச்சானுக்கு ஒம் மக தெரிவாளா, விரிசல் தெரியுமா?" என்றேன். (இந்த வாய்க்குத்தான் பின்னால் கிடைத்தது.)

முக்கியமான நாளாயிற்றே, போன் சும்மா பறக்க வேண்டும் என்று குளிக்கப் போகும் முன் அப்டேட்டைப் போட்டேன். குளித்துவிட்டு வந்தால் புது வால்பேப்பர், புது மணியோசை எல்லாம் இருந்தன. வேகத்தை மட்டும் காணோம். ஒரு எழுத்தைத் தொட்டால், அது யோசித்து, வீட்டில் கேட்டுக்கொண்டு வருவதுபோல் வந்தது. 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று கிளம்பிவிட்டேன்.

கோயிலில், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய யாழினி என் மடியில். ஆசாரி ஊசியோடு எதிரே. "நேரம் போகுதுங்க" என்றார். ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் 'மச்சான்' என்ற பெயரைத் தொட்டேன். அசைவில்லை. மறுபடி தொட்டேன். அந்த நொடியில் பட்டியல் ஒரு வரி நகர்ந்தது. திரை இருண்டது. மணி மட்டும் அடித்தது. பிறகு "ஹலோ" என்று ஒரு குரல்.

"மச்சான்! ஒங்க படம் இங்கிட்டு வரல. ஒங்களுக்குத் தெரியுதுல்ல?"

"தெரியுது, தெரியுது."

"நல்லாப் பாருங்க, குத்தப் போறாங்க!"

இடது காதில் ஊசி ஏறியது. யாழினி அலறிய அலறலில் எனக்கே காது வலித்தது. அப்போதுதான், எல்லாம் முடிந்த பிறகு, என் திரைக்கு உயிர் வந்தது. அதில் மச்சான் இல்லை. நரைத்த பெரிய மீசை இருந்தது. பட்டியலில் மச்சானுக்கு நேர் மேலே இருந்த பெரியப்பா!

கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் அப்பாவோடு பேச்சை நிறுத்தியவர். அழைப்பே வைக்காத ஒரே வீடு அவர் வீடுதான்.

"ஏன்டா, காதுகுத்தா? ஒரு வார்த்தை சொல்லத் தோணல, இல்ல?"

சிவப்புப் பட்டனை அமுக்கினேன். நின்றுவிடுமா? அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் சிவந்ததுதான் மிச்சம். ஸ்பீக்கரில் பெரியப்பா குரல் கோயில் முழுக்க ஒலித்தது. அப்பா எழுந்து வந்தார். போனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அவருடைய அண்ணன் முகம் திரையில் அசையாமல் நின்றது. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அப்பா வாயையே பார்த்தார்கள்.

கடைசியில் அப்பா தொண்டையைச் செருமினார். "வாங்கண்ணே. சாப்பாட்டுக்கு நேரமிருக்கு."

இதற்குள் அக்கா தன் விரிசல் போனில் மச்சானைப் பிடித்துவிட்டாள். வேலையிடத்தில் முகம் கழுவி, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு காத்திருந்த மனிதர், மகளின் வலது காதை மட்டும் பார்த்தார். அக்காவுக்கு அவர் விரிசலுக்கு நடுவே பளிச்சென்று தெரிந்தாராம். "ஒரு காதாவது பார்த்தேன் மாப்ள" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். "பழைய மாடல்ல அப்டித்தான் சார் இருக்கும். புது மாடல் பாக்குறீங்களா?" என்றாள் ஒரு பெண், தேன் ஒழுக. நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டு, அதற்கு மருந்தையும் அவர்களே விற்கிறார்களாம்! கோபத்தில் அழைப்பைத் துண்டித்தேன். அதுவும் உடனே துண்டாகவில்லை. நான் முணுமுணுத்ததையெல்லாம் அந்தப் பெண் கேட்டுவிட்டுத்தான் போனாள்.

பெரியப்பா மதியமே வந்து, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். இப்போது எல்லாரும் அந்த அப்டேட்டைப் புகழ்கிறார்கள். என்னைப் புகழ ஆளில்லை.

யாழினி இப்போது வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறாள். இடது, வலது என்று டீச்சர் எத்தனை முறை சொல்லிக் கொடுத்தும் அவளுக்கு அது வேண்டாமாம். வீட்டில் காதைத் தொட்டுக் காட்டிச் சொல்லிக் கொடுத்ததே போதுமாம். தினமும் என் வண்டியில் முன்னால் நின்றுகொண்டு, தெரு முனை வந்ததும் ஊருக்கே கேட்கிற மாதிரி வழி சொல்கிறாள்:

"மாமா, அப்பா காதுப் பக்கம் போகாதீங்க. அப்டேட் காதுப் பக்கம் திரும்புங்க!"