இன்னொருதபாவும் நாற்பத்தெட்டுச் சிப்பாய்களும்

யுத்த காலத்தில் பெங்களூர்க் கன்டோன்மென்டில் நடந்தவர், குனிந்தவர், தும்மியவர், தடுக்கி விழுந்தவர் என்று ஒருவர்கூட அந்த மனிதரின் பென்சிலுக்குத் தப்பியதில்லை. தெருநாய்களில் ஓரிரண்டு தப்பியிருக்கலாம். அவை ஓடத் தெரிந்தவை.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி ஊருக்கு அவர் 'இன்னொருதபா'. யார் எதைச் செய்தாலும், செய்து முடித்த கையோடு எதிரே போய் நின்று, "கோச்சுக்காதீங்க, இன்னொரு தபா செய்யுங்க" என்று கேட்பார். கேட்கிற முகத்தில் கேலி துளியும் இருக்காது. பிரசாதத்துக்குக் கை நீட்டுகிறவர் மாதிரி இருக்கும். அதனால்தான் அத்தனை வருஷம் அடி வாங்காமல் காலம் தள்ளினார்.

அடி வாங்கவில்லையே தவிர, தயிர் வாங்கியிருக்கிறார். ஜோகுபாளையத்தில் நானும் அவரும் குடியிருந்த அறைக்கு எதிரே ஒரு தயிர்க்காரம்மா பானையை இறக்கி வைத்து விற்பாள். விற்று முடிந்ததும் சும்மாட்டைச் சரிசெய்து, ஒரு முட்டியை ஊன்றி, பானையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு எழுந்திருப்பாள். "எம்மா, இன்னொரு தபா எறக்கி ஏத்தும்மா." முதல் நாள் சிரித்துக்கொண்டே ஏற்றினாள். இரண்டாம் நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏற்றினாள். மூன்றாம் நாள் இறக்கினாள், ஏற்றவில்லை. மிச்சமிருந்த தயிர் முழுவதும் அவர் தலையில் இறங்கியது. தயிர் சொட்டச் சொட்ட அறைக்குள் வந்தவர் துண்டைத் தேடவில்லை, பென்சிலைத் தேடினார். "ஊத்தறப்போ அந்தம்மா தோள்பட்டை எப்படித் திரும்புச்சு, பாத்தீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

நாங்கள் இருவரும் ஒரு தையல் மெஷின் கம்பெனியில் குமாஸ்தாக்கள். தலைமைக் குமாஸ்தா பொடி போடுகிறவர். அவர் தும்மினால் மேஜை மேல் இருக்கிற காகிதமெல்லாம் இடம் மாறும். அவரிடமே போய் இன்னொரு தபா தும்மச் சொன்னார் நம்மவர். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அந்த மெமோவின் பின்பக்கத்தில், தும்மலுக்கு முன் மூக்கு சுருங்குவதில் தொடங்கி மூக்குக்கண்ணாடி கீழே விழுகிற வரைக்கும் பன்னிரண்டு சின்னப் படங்கள் வரைந்து வைத்திருந்தார். பதில் கொடுக்கும்போது பின்பக்கத்தை மறந்துவிட்டு அதிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை இங்கிலீஷ் படத்துக்கு அழைத்துப் போனேன். பெரிய படத்துக்கு முன்னால் ஐந்து நிமிஷம் ஒரு பொம்மைப் படம் காட்டினார்கள். ஒரு பூனை மாடிப்படி ஏறியது. கொட்டகையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அல்சூர் வரைக்கும் வாயைத் திறக்காமல் நடந்து வந்தவர், ஏரிக்கரையில் நின்றார்.

"அந்தப் பூனையை யாரோ ஒக்காந்து வரைஞ்சிருக்காங்க. ஒரு காலு மேல்படிக்குப் போறதுக்குள்ள எத்தினி படம் வரைஞ்சிருப்பாங்க?"

"யாருக்குத் தெரியும்?"

"நான் கண்டுபிடிக்கறேன்."

சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது, புத்தகமும் கிடையாது. தினம் பன்னிரண்டு படம் வரையாமல் காலைக் காபி குடிப்பதில்லை என்று தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். சில நாள் அந்தக் காபி மத்தியானம் வரும். காய்ச்சல் அடித்தபோது பார்க்க வந்த டாக்டரால், தெர்மாமீட்டரை உதறும் மணிக்கட்டை மூன்று முறை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக முடிந்தது. யுத்தத்தால் காகிதத்துக்குப் பஞ்சம். டெஸ்பாட்ச் பிரிவில் இருந்த நான், அச்சுப் பிழையால் ஒதுக்கிய பழைய படிவங்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தேன். அவற்றின் வெற்றுப் பக்கத்தில் வரைந்து, ஓரத்தை நூலால் தைத்து, கட்டைவிரலால் சரசரவென்று விடுவார். தலைமைக் குமாஸ்தா தும்முவார். தயிர்க்காரம்மா எழுந்திருப்பாள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒரு கட்டில் ஒரு படம் பிசகியிருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. எட்டாவது படத்தில் காது கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று ஒரு கட்டு முழுவதையும் முதலிலிருந்து வரைந்த ஆள் அவர். அப்போதும் பழையதைத் தூக்கிப் போடமாட்டார். கசக்கவும் மாட்டார். பெட்டியில் அடுக்கி வைப்பார்.

நாங்கள் ஆபீசுக்குப் போகும் வழியில் ஒரு ராணுவக் கிடங்கு இருந்தது. வாசலில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பார். வட ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர், பெயர் பொன்னுசாமி. ஒரு நாள் அவரைக் கடந்து போகும்போது நம்மவர் சட்டென்று நின்றார். "அந்த நடையில என்னமோ இருக்கு" என்றார். எனக்கு எல்லாச் சிப்பாயும் நடக்கிற நடையாகத்தான் தெரிந்தது. மறுநாளிலிருந்து எதிரே இருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் தினம் காலையில் ஒரு மணி நேரம் நின்று வரைந்தார். யுத்த காலத்தில், ராணுவக் கிடங்குக்கு எதிரில், கையில் காகிதத்தோடு.

"யோவ், அது வேணாம்யா. வேற யாரையாவது வரையுங்க" என்றேன்.

"வேற யாரும் இப்படி நடக்கலையே."

ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஆபீசுக்குள் இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். அவர் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். வருகைப் பதிவேட்டுப் பெயர் அது என்பதால் யாரைக் கேட்கிறார்கள் என்று யாருக்கும் முதலில் புரியவில்லை. தலைமைக் குமாஸ்தாவுக்கு மட்டும் புரிந்தது. அவரைக் காட்டினார். பிறகு ஒரு கான்ஸ்டபிள் கையோடு கொண்டுவந்திருந்த ஒரு படத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் அச்சாகியிருந்த கம்பெனிப் பெயரைக் காட்டி, "இந்தக் காகிதம் கொடுத்தது யாரு?" என்றார். அத்தனை கண்ணும் என் பக்கம் திரும்பியது. நானும் எழுந்தேன்.

ஸ்டேஷனில் எங்கள் அறைப் பெட்டிகள் எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தன. இன்ஸ்பெக்டர் மூன்று தலைமுறையாகப் பெங்களூர்த் தமிழர். தமிழில் விசாரித்துக் கன்னடத்தில் அதட்டுவார். "சும்னே கூத்துக்கோ" என்றார். சத்தமில்லாமல் உட்கார்ந்தோம். மேஜை மேல் பொன்னுசாமியின் நாற்பத்தெட்டுப் படங்கள் கிடந்தன. ஃபைலில் சேர்க்க வேண்டும் என்று தையலைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். எல்லாம் முன்பின்னாகக் கலைந்து கிடந்தது.

"கிடங்குக் காவலாளியை நாப்பத்தெட்டு தடவை வரைஞ்சிருக்கே. எதுக்கு?"

"நாப்பத்தெட்டும் வேற வேற சார்."

"நாப்பத்தெட்டு சிப்பாயா?"

"இல்ல சார், ஒரே ஆளு. ஆனா ஒரே எடத்துல இல்ல. இதுல இங்க இருக்காரு, அதுல கொஞ்சம் அந்தாண்ட போயிட்டாரு."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். காவலாளி எந்த நேரம் எங்கே இருக்கிறார் என்று குறித்து வைத்ததாக ஒப்புதல். அப்போதெல்லாம் யுத்தச் சட்டத்தில் பிடித்தால் கோர்ட்டுக்குக்கூடக் கொண்டுபோக மாட்டார்கள் என்று பேச்சு. ஊரில் அப்பாவுக்கு என்ன எழுதுவது என்று மனத்துக்குள் வாக்கியம் சேர்க்க ஆரம்பித்தேன்.

"யாருக்கு அனுப்பறே இதெல்லாம்?"

"யாருக்கும் இல்ல சார். நடக்க வைக்கிறதுக்கு."

"காகிதத்தையா?"

"ஆமா சார்."

இந்தக் கட்டத்தில் கிடங்கின் கேப்டன் வந்தார். வெள்ளைக்காரர். பின்னாலேயே சாட்சி சொல்லப் பொன்னுசாமி வந்து சுவரோரம் விறைத்து நின்றார். நான் கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவேன் என்பதால் மொழிபெயர்க்கச் சொன்னார்கள். பொம்மைப் படத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி தருகிறேன். நடக்க வைக்கட்டும். நடக்காவிட்டால் இரண்டு பேரும் என்னோடு வர வேண்டியதுதான்" என்றார்.

நம்மவர் தரையில் உட்கார்ந்து படங்களைப் பரப்பினார். எண் போடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, கையிலேயே வைத்துக்கொண்டு, இடம் தேடி வைத்தார். வெளியே ஜட்கா போகிற சத்தம் கேட்டது. கான்ஸ்டபிள்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் மணி ஆயிற்று. முக்கால்வாசி அடுக்கிவிட்டார் என்று எனக்கு மூச்சு வந்தபோது, அவர் கை நின்றது.

நிமிர்ந்து பொன்னுசாமியைப் பார்த்தார். பொன்னுசாமியும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் முகத்தில் ரத்தம் இல்லை. கன்னத்தில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. மாட்டிக்கொண்டது நாங்கள், இவர் ஏன் வியர்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

நம்மவர் அடுக்கிலிருந்து இங்கொன்றும் அங்கொன்றுமாக எட்டுப் படங்களை உருவினார்.

"அது என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கெட்டுப்போனது சார். கை தப்பிடுச்சு." சொல்லிக்கொண்டே எட்டையும் உள்ளங்கையில் வைத்துக் கசக்கிச் சட்டைப் பையில் திணித்தார்.

மூன்று வருஷத்தில் அவர் ஒரு தாளைக் கசக்கி நான் பார்த்ததில்லை. பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

மீதிக் கட்டைக் கேப்டனுக்கு முன்னால் பிடித்துக் கட்டைவிரலால் விட்டார். சிப்பாய் நடந்தார். ஓரடி நேராக வைத்தார். அடுத்த அடியில் ஆடு மாதிரி ஒரு துள்ளு துள்ளினார். மறுபடி ஓரடி, மறுபடி துள்ளல். கேப்டனின் மீசை அசைந்தது. இன்னும் ஒரு முறை விடச் சொன்னார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார். கான்ஸ்டபிள்கள் இன்ஸ்பெக்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

கேப்டன் என்னிடம் திரும்பி, "இவன் ஒற்றன் இல்லை. ஓவியனும் இல்லை. ஐந்து வயதுக் குழந்தை இதைவிட ஒழுங்காக வரையும். பென்சிலை வைத்துவிட்டு வேறு பிழைப்பைப் பார்க்கச் சொல்" என்றார்.

நான் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். ஆனால் அந்த அளவு இங்கிலீஷ் அவருக்கும் தெரியும். காது சிவந்துவிட்டது. கட்டை மடியில் வைத்துக்கொண்டு, "தொரை சொல்றது சரின்னு சொல்லுங்க" என்றார்.

பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். கிடங்குப் பக்கம் இனி நிற்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். ஏரிக்கரை வரைக்கும் நான் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தேன். ஒன்பது நாள் நின்று வரைந்த லட்சணம் இதுதானா, ஆடு துள்ளுகிற மாதிரி ஒரு நடையா என்றேன். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து அந்தக் கசங்கலை எடுத்தார். எட்டுத் தாளையும் முழங்காலில் வைத்து நீவி, ஒழுங்கு பண்ணி, என் முகத்துக்கு நேரே விட்டார்.

சிப்பாயின் இடது கால் வந்தது. முட்டி மடங்கவில்லை. இடுப்பிலிருந்து அப்படியே வீசி, ஊன்றுகிற கணத்தில் உடம்பை ஒரு நூல் சாய்த்து, யாருக்கும் தெரியாமல் நேராக்கிக்கொண்டது.

"முட்டி போயிடுச்சு அந்த ஆளுக்கு" என்றார். "மறைச்சுக்கிட்டு நடக்கறாரு. என்னா அழகா மறைக்கறாரு தெரியுமா? சும்மா பாத்தா தெரியாது. வரிசையா ஓட்டினாத்தான் தெரியும்."

"கேப்டன் பாத்திருந்தா?"

"ஊருக்கு அனுப்பிச்சிருப்பாங்க. மூணு பொண்ணாம் அவருக்கு. ஒரு நாள் மரத்தடியில தண்ணி குடிக்க வந்தப்போ சொன்னாரு."

காது கொஞ்சம் பெரிதானதற்குச் சோறு இறங்காதவர், நாலு பேர் சிரிக்கிற மாதிரி ஒரு படத்தைத் தானே கெடுத்துக் காட்டிவிட்டு வந்திருந்தார். அவர் வரைந்ததிலேயே உயர்ந்தது அந்த எட்டும்தான் என்பது எனக்கே தெரிந்தது. பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு நான் சொல்லாமலே, துண்டு துண்டாகக் கிழித்து ஏரியில் போட்டார்.

போலீஸ் வந்துபோன ஆளை வைத்துக்கொள்ளக் கம்பெனி விரும்பவில்லை. எனக்கு எச்சரிக்கையோடு போயிற்று. அவர் இரண்டு பெட்டியோடு மெட்ராசுக்கு ரயிலேறினார். கொஞ்ச நாள் கழித்துக் கிடங்கைக் கடந்து போகும்போது, பொன்னுசாமி தலையைத் திருப்பாமலே, "சார், அந்தப் படக்காரரு எங்க?" என்று கேட்டார். மெட்ராஸ் போய்விட்டதாகச் சொன்னேன். அவர் மறுகோடிக்கு நடந்தார். நான் கண்கொட்டாமல் அவர் முட்டியைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஒரு வருஷத்துக்கும் மேல் கடிதமே இல்லை. பிறகு ஒரு கார்டு வந்தது. சினிமா ஸ்டூடியோ ஒன்றில் டைட்டில் எழுத்து எழுதும் வேலையாம். ஒரு தமிழ்ப் படத்தின் பெயரைச் சொல்லி, அதில் ஆரம்பத்தில் பெயர்கள் போடும்போது மூலையில் ஒரு கொக்கு பறந்து போகும், அது தன்னுடையது என்று எழுதியிருந்தார். 'மூணு செகண்டுதான். கண்ணைச் சிமிட்டிடாதீங்க.'

படம் எங்கள் பக்கத்துக் கொட்டகைக்கு வந்தது. போனேன். விளக்கு அணைந்தது, சங்கீதம் தொடங்கியது, பெயர்கள் வந்தன. வலது மூலையில் ஒரு கொக்கு கழுத்தை இழுத்துக்கொண்டு, காலைப் பின்னால் நீட்டி, நாலு முறை இறக்கையடித்துப் போயிற்று. எங்கேயும் துள்ளவில்லை. என்னைத் தவிர யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எழுந்து வெளியே வந்தேன். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும்.

நாலாம் நாள் டிக்கெட் கிழிக்கிறவர் என்னை வாசலில் மடக்கினார். "என்ன சார், தெனம் பேரு போட்டதும் எழுந்து வந்துடறீங்க. படம் புடிக்கலையா?"

"படம் பாக்க வரலப்பா" என்றேன். "நமக்கு வேண்டியவர் ஒருத்தர் வந்திருக்காரு. பாத்துட்டுப் போறேன்."