தவசி கேட்காத ஒரே ஆள்

'எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்' என்று ஆரம்பிக்கிறவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் அவர் உங்களை நிறுத்திவைத்துக் கேட்டிருப்பார். யோசனை கேட்பதற்கென்றே பிறந்த அந்த இனத்தில் முதல் தரச் சரக்கு, கப்பலூரில் பஸ்ஸுக்குக் கைப்பிடிக் கம்பி செய்யும் தவசி.

வருஷம் எண்பத்தெட்டு. அவர் ஆபீஸில் ஒரு டாஸ் கம்ப்யூட்டர் இருந்தது. வேலை பார்ப்பவர்கள் நாலு பேர்; அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்காரலாம். ஸ்யாமளா ஆர்டரைப் பதிந்து எழுந்தால்தான் ஜெயக்கொடி சரக்கு இருப்பைப் பதிய முடியும். கடைசியாக உட்காரும் ஜெயக்கொடி ஆனையூரில் வீடு போய்ச் சேருவதற்குள் அவள் பிள்ளை தூங்கிவிடும். யூனிக்ஸ் மிஷின் வாங்கினால் ஒரே பெட்டியில் நாலு திரை மாட்டி நாலு பேரும் ஒரே சமயத்தில் வேலை பார்க்கலாம் என்றார் விற்பனைக்காரர். மாறுவதா, வேண்டாமா? அவ்வளவுதான் கேள்வி.

இதற்குத் தவசி போகாத இடம் உண்டா? பழங்காநத்தத்தில் முடிவெட்ட உட்கார்ந்தவர் பாதித் தலையோடு கேட்டார். "டாஸுன்னா சொல்ல லேசா இருக்குல்லண்ணே" என்று பதில் வந்தது. பல் டாக்டரிடம் வாயில் பஞ்சோடு கேட்டார். அவருக்கு என்ன விளங்கியதோ, "பழசைப் பிடுங்கிறலாம்" என்றார். டயர் கடையில் கேட்டு, சம்பந்தி வீட்டுப் பந்தியில் கேட்டு, ரேஷன் வரிசையில் முன்னால் நின்றவரையும் பின்னால் நின்றவரையும் கேட்டு, அதுவும் போதாமல் பிள்ளையார் கோவிலில் பூக்கட்டிப் பார்த்தார். யூனிக்ஸுக்கு வைத்த சிவப்புப் பூ வந்தது. எதற்கும் இருக்கட்டுமென்று இன்னொரு பிள்ளையாரைக் கேட்டார். வெள்ளை வந்தது.

ஆறு மாதம் ஓடிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ஜெயக்கொடி அவர் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, ஊரையெல்லாம் கேட்டீக. அந்தப் பெட்டி முன்னாடி மூணு வருசமா ஒக்காந்திருக்கேன். என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?"

தவசி நிஜமாகவே திகைத்துப்போனார்.

"நீ நம்ம ஆளும்மா. உன்னைய எதுக்குக் கேட்டுக்கிட்டு?"

"அப்பச் சரி. பக்கத்து ஷெட்டுல யூனிக்ஸ் வாங்கிட்டாக. திங்கக்கெழமைலேருந்து அங்க போறேன்."

போய்விட்டாள். சரக்கு இருப்பு எந்த ஃபிளாப்பியில் இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். திருச்சிப் பார்ட்டி ஆர்டர் அப்படியே நின்றது. தவசிக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் என்ன? கேட்பது. பக்கத்து ஷெட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் புதிதாக வந்திருப்பதாக டீக்கடையில் சொன்னார்கள். சலவைச் சட்டை போட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் உட்கார்ந்தார்.

"ஏம்மா ஜெயக்கொடி, டாஸா, யூனிக்ஸா? உன் அபிப்பிராயம் என்ன?"

"நாலு பேரு ஒக்காரணும்னா யூனிக்ஸ்தாண்ணே."

தவசிக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்துவிட்டது. "எம்புட்டு வெவரமாச் சொல்லுது! இப்படி ஒரு ஆளு நம்மகிட்ட இல்லாமப் போச்சே!" என்று வழிநெடுகப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். மிஷினும் வந்தது. நாலு திரை, நாலு நாற்காலி. ஓட்டத் தெரிந்தவள் மட்டும் பக்கத்து ஷெட்டில்.

என்ன, சிரிக்கிறீர்களா? 'நாமும் இப்படியோ?' என்று ஓரத்தில் ஒரு சந்தேகம் தட்டுகிறதல்லவா? அதை ஆபீஸில் கேட்கலாமா, பஸ்ஸில் கேட்கலாமா என்று யோசிக்கிறீர்கள். வீட்டில் உங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பவரைக் கேட்க மட்டும் ஏன் தோன்றவில்லை?