தில்லியில் கிடைத்த உருண்டை மரவட்டை

சுருண்டு கிடக்கும் எதற்கும் அவசரப்பட்டுப் பெயர் வைக்கக் கூடாது. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு நேர்முகத் தேர்வில், ஒரு குழுவே வேடிக்கை பார்க்க.

விலங்கியல் படித்த கையோடு, மரவட்டைகளை வகைப்படுத்தும் ஆராய்ச்சி வேலைக்காகத் தூத்துக்குடியிலிருந்து தில்லி வந்திருந்தேன். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் மாமா வீட்டில் ஜாகை. தேர்வன்று காலை பால்கனியில் பூந்தொட்டியை நகர்த்தினால், அடியில் சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டி உருண்டைகள். தொட்டால் இன்னும் இறுகின. உருண்டை மரவட்டை! ஈரமான மலைக்காடுகளில் வாழும் இனம் தில்லியிலா? (இந்த ஊர் எனக்காகவே காத்திருந்தது என்று நம்பினேன்.)

"மாமி, ஒரு டப்பா குடுங்க, ஜல்தி!"

"இண்டர்வியூக்கா இந்தப் பூச்சியக் கொண்டு போற? வெளங்கும்!" என்றபடி காலி சோம்பு டப்பாவை நீட்டினார் மாமி.

"மரவட்டைகளில் என்னென்ன வகை?" என்று தேர்வுக் குழுவின் நடுவில் இருந்த பேராசிரியை கேட்டதும் மடை திறந்தேன். உருளை உடம்புக்காரர்கள், தட்டை முதுகுக்காரர்கள், மயிர் சிலிர்த்த குள்ளர்கள்... "இதோ, தில்லியின் உருண்டை மரவட்டை!" என்று டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தேன்.

அவர் லென்ஸை என்னிடம் நீட்டினார். ஓர் உருண்டை மெல்ல விரிந்தது.

"ஒரு வளையத்துக்கு எத்தனை ஜோடி கால்?"

மரவட்டை என்றால் இரண்டு ஜோடி. அதுதான் அதன் அடையாளமே. லென்ஸில் தெரிந்ததோ ஒன்று.

"முன்னாடி சில வளையத்துல மட்டும் ஒரு ஜோடிதான் இருக்கும், மேடம்..."

"அச்சா. பின்னாடியும் பாருங்க."

பின்னாடியும் ஒன்றுதான். அதற்குள் மற்ற உருண்டைகளும் விரிந்து ஊர்வலம் கிளம்பின. ஒன்று பிஸ்கட் தட்டில் ஏறியது. பக்கத்திலிருந்த அதிகாரி காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்.

"இது மரவட்டையே இல்ல மேடம். இறால், நண்டுக்குச் சொந்தம். அதே மாதிரி சுருளும், அவ்வளவுதான். தப்பாச் சொல்லிட்டேன்."

பேராசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். "இனிமே காலை எண்ணிட்டுப் பேர் சொல்வீங்களா?"

"சத்தியமா, மேடம்."

"அப்ப முதல்ல இதையெல்லாம் பிடிங்க."

மேஜைக்கடியில் நான் தவழ்ந்துகொண்டிருந்தபோதே, என்னால் எப்போது வேலையில் சேர முடியும் என்று மேலே பேச்சு நடந்தது.

இப்போது அசல் உருண்டை மரவட்டைகள் மலைகளிலிருந்து என் மேஜைக்கு வருகின்றன. பெயரே வைக்கப்படாதவையும் அவற்றில் இருக்கலாம் என்ற ஆசையில்தான் தினமும் லென்ஸை எடுக்கிறேன்.

மாமா வீட்டில் இறால் குழம்பு வைத்தால் எனக்கு போன் வந்துவிடும். "மரவட்டை கொதிக்குது, ஜல்தி வா!" என்று மாமா போனும் கையுமாகப் பால்கனியில் நின்று கத்துவார். மாடிக்குப் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பம் அதைக் கேட்டதிலிருந்து, எவ்வளவு கூப்பிட்டாலும் எங்கள் வீட்டில் சாப்பிட உட்காருவதில்லை.