கழுத்து நிற்கும் முன் குழந்தையைத் தூக்க அனுமதி கோரி

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு வணக்கம். தாங்களும் அத்தை அவர்களும் நலம் என்ற அனுமானத்தின் பேரில் எழுதுவது யாதெனில்:

1. இதை எழுதும் நான், குடவாசலில் பதினோரு ஆண்டுகளாக வழக்கறிஞர் தொழில் செய்துவரும் பரிதி, வயது முப்பத்தாறு. தங்கள் மகள் அனுராதாவின் கணவன். தற்சமயம் தங்கள் சீர்காழி இல்லத்தில் இருக்கும், பிறந்து முப்பத்தெட்டு நாளான பெண் குழந்தையின் தகப்பன்.

2. மேற்படி குழந்தையை நான் இதுவரை ஒருமுறைகூடத் தூக்கியதில்லை.

பதினோராம் நாள் வந்தபோது கை நீட்டினேன். "கழுத்து நிக்கட்டும் மாப்பிள்ளை, ஆம்பளைக் கை முரட்டுக் கை" என்றார்கள் அத்தை. தாங்களும், "அனுவை நானே மூணு மாசம் கழிச்சுத்தான் தூக்கினேன்" என்று முன்தீர்ப்பைக் காட்டினீர்கள். எதிர்வாதம் செய்யாமல் காபி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

இதற்கிடையே, அனுராதா ஏழாம் மாதத்திலேயே புதுத் தகப்பன்மார்களுக்கான செய்திச் சேவை ஒன்றில் என் கைப்பேசி எண்ணைப் பதிந்துவிட்டாள். தினம் காலை ஏழு மணிக்குச் செய்தி வரும். 'இன்று குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். செய்துவிட்டால் 1, செய்யவில்லை என்றால் 2 அனுப்புங்கள்.' செய்யாததைச் செய்ததாக எழுத்தில் கொடுக்க என் தொழில் இடம் தராது. ஆகவே 2 அனுப்பினேன். 'பரவாயில்லை அப்பா, நாளை முயலுங்கள்' என்றது. ஒன்பது நாள் தொடர்ந்து 2 அனுப்பியபின், 'குழந்தையைத் தூக்க உங்களுக்கு விருப்பமில்லையா?' என்று கேட்டது. மாமா, அந்தக் கேள்வி என்னைச் சுட்டது.

எனவே பயிற்சியாவது பெறுவோம் என்று, என் அலுவலகத்துக்குக் கீழே அரிசிக்கடை வைத்திருக்கும் மீரா உசேனிடம் குழந்தையின் பிறப்பு எடையான இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம் பொன்னி அரிசி வாங்கி, பழைய வேட்டியில் சுற்றி, தலைப்பக்கம் இன்னதென்று பேனாவால் குறித்து, ஒரு கையைத் தலைக்கும் மறு கையை இடுப்புக்கும் கொடுத்து ஏந்தினேன், குழந்தைக்கு எடை கூடும் என்று செய்தி சொன்னதால் திங்கட்கிழமைதோறும் இருநூறு கிராம் சேர்த்தேன், தோளில் போட்டு முதுகைத் தட்டினேன், மீரா உசேன் மாடிப்படியிலிருந்து, "என்ன வக்கீல் சார், அரிசிக்கு ஏப்பம் வந்துச்சா?" என்று தினம் விசாரிக்கலானார், பாகப்பிரிவினைக்கு வந்த அண்ணன் தம்பி இருவர் மேசையைத் தட்டிச் சண்டையிட, என் குமாஸ்தா நூர்ஜஹான், "கொஞ்சம் மெதுவா பேசுங்க, இப்பதான் தூங்குது" என்றார், அவர்கள் மூட்டையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், அன்றே சமாதானமாகப் போய்விட்டார்கள். போன புதன்கிழமை நீதிமன்றத்தில், என்னை அறியாமலே வழக்குக் கட்டைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். "என்ன பண்றீங்க?" என்று நீதிபதி கேட்டார். "பால் குடிச்சதும் இப்படித்தாங்கய்யா தட்டணும்" என்றேன். அவர் வழக்கை ஒத்திவைத்தார்.

இத்தனைக்குப் பிறகும் நான் 1 அனுப்பவில்லை. அரிசி குழந்தையாகாது என்பதை அறிவேன்.

ஆகவே, வரும் சனிக்கிழமை, தங்கள் கூடத்தில், தரையில் உட்கார்ந்த நிலையில், இருபுறமும் தலையணை வைத்து, அத்தை அவர்களின் நேரடி மேற்பார்வையில், பத்து நிமிடத்துக்கு மிகாமல் என் மகளை என் கையில் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். கழுத்து நின்ற பிறகு எல்லோரும் தூக்குவார்கள், மாமா. நிற்கும் முன் தாங்கிப் பிடிக்கத்தானே தகப்பன் வேண்டும்.

அத்தைக்கு என் வணக்கம். அனுவைப் பூண்டுக் குழம்பு முகம் சுளிக்காமல் சாப்பிடச் சொல்லவும். குழந்தைக்கு எல்லா நலமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்,
(ஒப்பம்) பரிதி

சாட்சிகள்:
நூர்ஜஹான், குமாஸ்தா
மீரா உசேன், அரிசிக்கடை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அனுராதா கைப்பேசியில் பேசினாள். "அப்பாவும் அம்மாவும் சம்மதிச்சாச்சு. இன்னிக்கே கிளம்பி வாங்க, பாப்பாவை நீங்கதான் தூக்கணும்." ஆகவே மேற்கண்ட வேண்டுகோள் முழுவதும் செல்லாததாகிறது. பேருந்து நிலையத்திலிருந்து இதை எழுதுகிறேன். சீர்காழிக்கு மயிலாடுதுறை போய்த்தான் மாறவேண்டும்; மூன்று மயிலாடுதுறைப் பேருந்துகளை விட்டுவிட்டேன். அரிசி ஒருநாளும் கையில் அசைந்ததில்லை, மாமா; குழந்தை அசையும். நான்காவதில் கட்டாயம் ஏறிவிடுவேன். கடிதத்தை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன். தாங்கள் இதைப் படித்து முடிக்கும்வரை குழந்தை அத்தையிடமே இருக்கட்டும். தயவுசெய்து மெதுவாகப் படிக்கவும்.